மரம் ஏறிய தமிழர் சிகாகோ போன கதை தெரியுமா?

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது எந்த வருஷம் தெரியுமா? 1931! மீட்டர்கேஜ் பாதையில் அந்த ரயில் பல்லாவரத்தையும் கிண்டியையும் கடந்து ஓடப் பழகிக்கொண்டிருந்த அதே 1931இல், நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு பெண்மணி உலகத்தைச் சுற்றிவரக் கப்பல் ஏறினார். கூடவே களிமண்ணும் சிற்பக் கருவிகளும் கேமராவும் கணவரும். அவருக்கு இடப்பட்டிருந்த வேலை, உலகத்து மனிதர்களின் முகங்களைச் சிலையாக வடித்துக்கொண்டு வருவது!

அவர் பெயர் மால்வினா ஹாஃப்மன். ஜப்பான், சீனா, பாலித் தீவு, ஜாவா, மலேயா, பர்மா என்று போய் இந்தியாவுக்கும் வந்தார், தென்னிந்தியாவுக்கும் வந்தார். அந்தப் பயணத்தின் பலனாக ஒரு தமிழர் வெண்கலமானார். மந்திரியோ மகாராஜாவோ இல்லை. மரம் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு தமிழர்! சிகாகோ நகரத்தின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் 1933இல் மரமும் கையுமாகக் குடியேறினார். நம்மில் முக்கால்வாசிப் பேர் மெரினா சிலைகளை வரிசை தப்பாமல் சொல்வோம். இவரைப் பற்றி மூச்சு விட்டிருக்க மாட்டோம்.

ரோடானின் வாசலில் ஐந்து முறை

மால்வினா 1885 ஜூன் 15 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா ரிச்சர்ட் ஹாஃப்மன் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய பியானோ கலைஞர். வீட்டில் சங்கீதம் உண்டு, பணம் அவ்வளவு இல்லை. அப்பாவின் தலையைச் சிலையாகச் செய்ததுதான் அவருடைய முதல் பெரிய முயற்சி. அப்பா இறந்த பிறகு, 1910இல், மகள் பாரிசுக்குப் போனார். யாரைப் பார்க்க? ஒகூஸ்த் ரோடானை! அன்றைய உலகத்தில் அவரைவிடப் பெரிய சிற்பி கிடையாது.

ரோடான் பார்க்க மறுத்துவிட்டார். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. ஐந்தாவது தடவை இந்தப் பெண் வாசலை விட்டு நகருவதாக இல்லை என்று தெரிந்ததும்தான் கதவு திறந்தது. உள்ளே போனவர் சிஷ்யை ஆகிவிட்டார். குரு முதலில் சொன்ன பாடம் என்ன தெரியுமா? போய் உடற்கூறு படி! மால்வினா நியூயார்க்கில் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் பிணங்களை அறுத்துப் பார்த்துத் தசையும் எலும்பும் கற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெண் இதைச் செய்ய எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பிற்பாடு மரம் ஏறுபவரின் முதுகுத் தசையை வெண்கலத்தில் பேச வைத்த கை, அறுவை மேசையில் பழகிய கை.

பாவ்லோவா வழியாகத் திருவான்மியூருக்கு

ஆச்சரியம் இனிமேல்தான்! மால்வினாவுக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது ரஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவா. பாவ்லோவா ஆடுவதை மேடை ஓரத்தில் நின்று வரைந்து வரைந்து, இருபதுக்கும் மேற்பட்ட புடைப்புச் சிற்பப் பலகைகளில் ஒரே நடனத்தைத் தொடராகச் செதுக்கினார். கிட்டத்தட்ட ஒரு சினிமாச் சுருள், ஆனால் அசையாது. இரண்டு பேரும் நெருங்கிய தோழிகளாகவும் ஆனார்கள்.

அதே பாவ்லோவாதான் நம்ம ருக்மிணி தேவி அருண்டேலின் வாழ்க்கையையும் திருப்பிவிட்டவர்! 1928இல் பம்பாயில் பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்த ருக்மிணி தேவி, பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் அவரோடு சேர்ந்து பயணம் செய்தார். பாலே கற்கவும் ஆரம்பித்தார். உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்று தள்ளிவிட்டவர் பாவ்லோவா. அந்தத் தள்ளலில் 1936இல் அடையாறில் பிறந்ததுதான் கலாக்ஷேத்ரா. இன்று திருவான்மியூர் ஆலமரங்களின் கீழே அரைமண்டி போடும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும், தங்கள் பள்ளிக்குக் காரணமாக இருந்த உடம்பை நியூயார்க் சிற்பி ஒருவர் அசைவு அசைவாகச் சிற்பத்தில் பிடித்து வைத்திருக்கிறார் என்று?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பொறுக்க முடியவில்லை. 'தமிழோசை' கேட்டவர்கள் இருக்கிறீர்களா? சிற்றலையில் கொரகொரப்புக்கு நடுவே லண்டன் பி.பி.சி.யின் தமிழ்க் குரல்! பல பத்தாண்டுகளாக அந்தக் குரல் கிளம்பிய கட்டடம் லண்டனில் உள்ள புஷ் ஹவுஸ். அதன் நெற்றியில், தூண்களுக்கு மேலே உயரத்தில், இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் குறிக்கும் இரண்டு பிரம்மாண்டக் கல் உருவங்கள் நிற்கின்றன. செய்தவர் மால்வினா ஹாஃப்மனேதான்! சாரத்தின் உச்சிக்கு ஏறி, காற்றில் நின்றபடி உளி பிடித்துக் கடைசி வேலைகளை முடித்தார். இரண்டாம் உலகப் போரில் பறக்கும் குண்டு விழுந்து அமெரிக்காவின் ஒரு கை ஒடிந்து போனது. ஒடிந்த கையோடுதான் அந்த உருவம் ரொம்ப வருஷம் நின்றது; 1970களில்தான் புதுக் கை கிடைத்தது. இலங்கைத் தமிழரும் மதுரைத் தமிழரும் காது கொடுத்துக் கேட்ட செய்தியெல்லாம் பல வருஷம் அந்த ஒற்றைக் கைக்காரரைத் தாண்டித்தான் வந்திருக்கிறது!

தந்தி வந்தது

1930இல் ஃபீல்ட் அருங்காட்சியகத்திலிருந்து மால்வினாவுக்கு ஒரு தந்தி. மனித இனங்களின் மாதிரிகளை உலகம் சுற்றிக்கொண்டே வடிக்கச் சம்மதமா என்று கேட்டது. யாருக்குத்தான் தலை சுற்றாது!

அருங்காட்சியகத்தாரின் முதல் யோசனை என்ன தெரியுமா? பல சிற்பிகளிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்து, வண்ணம் பூசிய சுதை உருவங்கள் செய்வது. கண்ணாடிக் கண், நிஜ முடி எல்லாம் வைத்து! மால்வினா ஒத்துக்கொள்ளவில்லை. நவராத்திரிக் கொலுவில் செட்டியார் பொம்மையைக் கடைவிரித்து உட்கார வைப்பது போல மனுஷர்களை அடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஒரே சிற்பி, எல்லாம் வெண்கலம் என்று வாதாடி ஜெயித்தார். விளைவு: முழு உருவம், மார்பளவு, தலை என்று நூற்றுக்கும் மேற்பட்ட சிற்பங்கள்! பெரும்பாலும் பாரிசில், ரோடானுக்கு வார்த்துக் கொடுத்த அதே ரூடியே பட்டறையில் வார்க்கப்பட்டன. 1933 ஜூனில், சிகாகோ உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த நேரத்தில், மண்டபம் திறந்தது. கூட்டம் அலைமோதியது.

மாடலாக உட்கார்ந்தவர்கள் யார் யார்? அலையில் சறுக்கும் ஹவாய்க்காரராக நின்றவர், உலகப் புகழ் நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்குவின் தம்பி சார்ஜன்ட் கஹானமோக்கு. சீன அறிஞர் ஹூ ஷி மால்வினாவுக்காக முகம் கொடுத்தார். சிலரை மால்வினா 1931இல் பாரிசில் நடந்த காலனிக் கண்காட்சியிலேயே பிடித்துவிட்டார். எல்லாவற்றுக்கும் கப்பல் ஏற வேண்டியிருக்கவில்லை. இந்தப் பயணங்களை எல்லாம் பின்னால் 1936இல் 'ஹெட்ஸ் அண்ட் டேல்ஸ்' என்ற தடித்த புத்தகமாக எழுதினார். சிற்பிகள் எழுதுவது அபூர்வம். சுவையாக எழுதுவது அதைவிட அபூர்வம்.

ஆனால் ஒரு முள் இருக்கிறது. அருங்காட்சியகம் கேட்டது மனிதர்களை அல்ல, 'இன மாதிரி'களை. மண்டையின் அளவு, மூக்கின் அகலம் பார்த்து மனிதரை வகை பிரிக்கும் அக்காலத்து விஞ்ஞானம் அது. சிலைக்கு அடியில் இனத்தின் பெயர்தான் பொறிக்கப்படும். ஆளின் பெயர் இருக்காது. கஹானமோக்கு ஹவாய்க்காரர் ஆனார். மரம் ஏறியவர் தமிழர் ஆனார். அவ்வளவுதான்.

நம்மூரிலும் அளவெடுத்தார்கள்!

மனிதனை நோண்டிப் பார்க்கும் ஆசை தென்சென்னைப் பக்கத்துக்குப் புதிதில்லை. 1863இல் பல்லாவரத்தில்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் கோடரியைக் குனிந்து எடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால வரலாறே அந்தக் குனிதலில் தொடங்கியது! அந்தக் கோடரியைச் செதுக்கியவரின் முகம் எப்படி இருந்திருக்கும்? அதை வடிக்க எந்தச் சிற்பியாலும் ஆகாது.

முகம் இருப்பவர்களை விட்டுவைக்கவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தென்னிந்தியர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். அதிலிருந்து வந்ததுதான் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியான தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் நூல். இதில் ஒரு கூத்து தெரியுமா? வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டு பயந்தார்கள். தங்களில் நல்ல உருவமாகப் பொறுக்கி எடுத்து, பஞ்சடைத்துப் பாடம் பண்ணி, மதராஸ் மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்று நினைத்தார்களாம்! தர்ஸ்டனே இதை வேடிக்கையாக எழுதியிருக்கிறார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அந்தப் பெண்கள் விஷயத்தைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

மால்வினாவின் பெருமையும் இங்கேதான். இடுக்கிக்காரர்கள் கேட்டதை அவர் கொடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்த ஆளைப் பார்த்துத்தான் செய்தார். அந்தந்த ஆளின் சோர்வு, வெட்கம், கோணல் சிரிப்பு எல்லாம் வந்து விழுந்தன. 'மாதிரி'க்குச் சோர்வு இருக்குமா என்ன?

இன்னொரு பயணி

மால்வினா மட்டும்தானா? இல்லை! இங்கிலாந்துக்காரர் மார்கரீட் மில்வார்ட். பாரிசில் பூர்தேலிடம் பயின்றவர். சாந்திநிகேதனில் கொஞ்ச காலம் சிற்பம் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் ராம்கிங்கர் பெய்ஜ்! பிறகு வடகிழக்கு மலைகள் தொடங்கித் தென்னிந்தியக் காடுகள்வரை போய்ப் பழங்குடி மக்களின் தலைகளைக் களிமண்ணில் பிடித்தார். 1948இல் அதைப் புத்தகமாக்கினார். அந்தத் தலைகள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. மாட்டு வண்டியிலும் லாரியிலும் ஈரக் களிமண் காயாமல் கொண்டுபோவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்! ஈரத் துணி சுற்றிச் சுற்றி வைக்க வேண்டும். நம்மூர் வெயிலில் ஒரு மத்தியானம் மறந்தால் மூக்கில் வெடிப்பு விழுந்துவிடும்.

பயணமே போகாத சிற்பிகளும் உண்டு. தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே சர் தாமஸ் மன்றோ, அவரைச் செய்த ஃபிரான்சிஸ் சான்ட்ரி இந்தியாவை எட்டிப் பார்த்ததே இல்லை. 1827இல் இறந்த மன்றோவை லண்டனில் வார்த்துக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். 1839இல் இங்கே நிறுத்தினார்கள். சிலைதான் பயணி!

கண் என்பது ஓட்டை

சாமிமலை ஸ்தபதிகள் தெய்வத்துக்குக் கண் திறப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆள் முகம் செய்யும் சிற்பிக்கும் ஒரு கண் திறப்பு உண்டு, மந்திரம் இல்லாமல். கருமணி இருக்கும் இடத்தைக் குடைந்து பள்ளமாக்கிவிடுவார். பள்ளத்தில் நிழல் விழும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவே கருவிழி! பள்ளத்துக்குள் ஒரு பொட்டு மண்ணை மட்டும் விட்டுவைப்பார். வெளிச்சம் அதில் பட்டு, கண்ணில் ஒளி துள்ளும். மெரினாவில் காந்தியார் உங்களைப் பார்ப்பது போலத் தோன்றினால், அங்கே இருப்பது உண்மையில் ஓட்டை!

இன்னொரு ரகசியம்: உலோகம் ஆறும்போது சுருங்கும். வாழ்ந்த மனிதரின் முகத்தை அச்சு அசலாக அளந்து வார்த்தால், சிலை ஒரு சுற்று சிறுத்து நிற்கும். அதனால் கெட்டிக்காரச் சிற்பிகள் ஒரு துளி பெரிதாகவே பிடிப்பார்கள். சாமிமலைச் செப்புத் திருமேனி பெரும்பாலும் உள்ளே கெட்டி. தெருவில் நிற்கும் தலைவரோ உள்ளே வெற்றிடம். அரசியல் பேசவில்லை, வார்ப்பு முறையைச் சொல்கிறேன்!

அதே பிறந்தநாள், அதே தொழில்

மால்வினா பிறந்தது ஜூன் 15 என்று சொன்னேன் இல்லையா? பதினான்கு வருஷம் கழித்து, 1899இல், அதே ஜூன் 15 அன்று இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பக்கம் பிறந்தார் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவநீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றவர், குஸ்தி போட்டவர், புல்லாங்குழல் வாசித்தவர், வேட்டைக்குப் போனவர், கதை எழுதியவர்! 1929இல் சென்னைக் கலைப் பள்ளியின் பொறுப்புக்கு வந்தார். 1850இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் தொடங்கிய அந்தப் பள்ளிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவர். கிட்டத்தட்ட முப்பது வருஷம் இருந்தார். 1954இல் லலித் கலா அகாடமி பிறந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

மெரினாவில் நான்கு பேர் பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்களே, உழைப்பாளர் சிலை, 1959இல் நிறுவியது, அது அவர் கைவேலை. காந்தி சிலையும் அவருடையதே. உழைப்பாளருக்கு மாடலாக நின்றவர்கள் யார் தெரியுமா? கலைப் பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவரும், மாணவர் ஒருவரும்! ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டுப் பகலில் பாறை தள்ளுகிற கோலத்தில் நின்றிருக்கிறார் அந்த மனிதர். மால்வினாவிடம் மாதிரி கேட்டார்கள், அவர் ஆளைக் கொடுத்தார். ராய் சௌத்ரியோ காவலாளி ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்தி, நாட்டின் தொழிலாளி மொத்தத்தையும் அவர் தோளில் ஏற்றிவிட்டார். இரண்டு சிலையிலும் உட்கார்ந்தவரின் பெயர் கீழே கிடையாது. ஆனால் உழைப்பாளர் சிலைப் பக்கம் மே தினத்தன்று கூட்டம் கூடுகிறது. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் சிங்காரவேலர் கொண்டாடியது இதே கடற்கரையில்தான். அளந்து வகைபிரித்த சிலைக்கு அப்படி யாரும் மாலை போடுவதில்லை.

பழைய 500 ரூபாய் நோட்டு ஞாபகம் இருக்கிறதா? 2016 நவம்பரில் ஒரே ராத்திரியில் செல்லாமல் போனதே, அதுதான்! அதன் பின்பக்கம் காந்தி முன்னே நடக்க, பின்னால் ஆட்கள் தொடரும் தண்டி யாத்திரைக் காட்சி. டெல்லியில் இருக்கும் அந்தப் பதினோரு உருவச் சிலையும் ராய் சௌத்ரியின் படைப்பே. வரிசையில் நின்று நாம் வங்கியில் ஒப்படைத்தது ஒரு சென்னை வாத்தியாரின் சிற்பத்தை!

ஈஞ்சம்பாக்கம் வரை வந்த கை

அவருடைய மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில், அப்போது வெறும் மணலும் சவுக்குமாகக் கிடந்த இடத்தில், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார். சர்க்கார் மானியத்தை நம்பவில்லை. பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். இன்னொரு மாணவர் எஸ். தனபால், மயிலாப்பூர்க்காரர், பெரியாரின் தலையை வடித்தார். தாடியையும் நெற்றியையும் மழமழவென்று தேய்த்து அழகுபடுத்தவில்லை. விரல் அழுத்தின தடம் தெரியும்படி விட்டுவைத்தார். தெருமுனைப் பெரியார்களையே பார்த்துப் பழகியவர்கள் இந்தத் தலையைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள்.

சரி, சிகாகோவில் என்ன ஆயிற்று? 1960களின் இறுதியில் மால்வினாவின் மண்டபத்தைக் கலைத்துவிட்டார்கள். இன வகைப்பாடு என்ற கருத்தே விஞ்ஞானத்தில் சாயம் வெளுத்துப் போயிருந்தது. மால்வினா 1966இலேயே போய்ச் சேர்ந்திருந்தார். சிலைகள் சில தாழ்வாரங்களுக்குப் போயின, மற்றவை கிடங்குக்கு. 2016இல் ஐம்பது சிற்பங்களைத் துடைத்துச் செப்பனிட்டு மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். இந்தத் தடவை இன மாதிரி என்ற பேச்சு இல்லை. தேடித் துருவி, யார் யார் உட்கார்ந்தார்கள், என்ன பெயர், எந்த ஊர் என்று கிடைத்தவரை எழுதி வைத்தார்கள். எண்பது வருஷமாக 'ஹவாய்க்காரர்' ஆக நின்றவர் மறுபடி சார்ஜன்ட் கஹானமோக்கு ஆனார்!

உங்கள் மைத்துனரோ மருமகளோ இல்லினாய் பக்கம் மென்பொருள் வேலையில் இருந்தால், வாரக் கடைசியில் ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே டைனோசர் எலும்புக்கூடு பிரமாதம், எல்லாரும் அதன் முன்னால்தான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1933லேயே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த நம்ம ஆளைப் பற்றியும் கொஞ்சம் விசாரிக்கலாம்.